வேலி எங்கே என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

நிகழ்ச்சி நிரலை மேலிடம் எழுதாமல், வந்தவர்களே வட்டமாக உட்கார்ந்து, தலைப்பைத் தாளில் எழுதிப் படித்துச் சுவரில் ஒட்டி, பிறகு பிடித்த குழுவில் போய் உட்கார்ந்து பேசும் கூட்டத்துக்கு ஓப்பன் ஸ்பேஸ் என்று பெயர். அமெரிக்கரான ஹாரிசன் ஓவன் 1985ல் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் இதை முதலில் நடத்திப் பார்த்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, ஓராண்டு உழைத்து அவர் ஏற்பாடு செய்த மாநாட்டில், காபி இடைவேளையில்தான் உருப்படியாகப் பேச முடிந்தது என்று வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த இடைவேளையையே முழுக் கூட்டமாக்க முடியுமா என்று அவர் யோசித்ததன் விளைவு இது. 'திறந்தவெளிக் கூட்டம்' என்றால் மைதானமும் மேடையும் நினைவுக்கு வந்துவிடும். ஆகவே இங்கே 'திறந்த கூட்டம்' என்றே எழுதுகிறோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றி இருந்தன: எல்லாவற்றையும் திறந்துவிட்டால் அது எங்கே போய் நிற்கும்?

எங்கள் உதிரிபாகத் தொழிற்சாலையில் 60 பேரை வைத்துத் திறந்த கூட்டம் நடத்த எம்.டி. ஒப்புக்கொண்டார். ஆனால், "எதை வேண்டுமானாலும் பேசட்டும், சம்பளத்தை மட்டும் யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று என்னிடம் தனியாகச் சொல்கிறார். இதை அரங்கில் நான் எப்படிச் சொல்வது?
– மனிதவள அலுவலர், ஓசூர்

நீங்கள் சொல்லவே கூடாது. அவர்தான் சொல்ல வேண்டும். எல்லார் முன்னிலையிலும், ஒருவரும் பேனாவைக் கையில் எடுக்கும் முன்பு சொல்ல வேண்டும்.

ஒரு எல்லை வேலியாக நிற்பதும் பொறியாக மாறுவதும் அது சொல்லப்படும் நேரத்தைப் பொறுத்தது. காலை 9.30க்குச் சொன்னால் வேலி. ஒரு ஆபரேட்டர் 'இன்கிரிமென்ட் ஏன் எல்லாருக்கும் ஒரே மாதிரி?' என்று தாளில் எழுதி, வாய்விட்டுப் படித்து, சுவரில் ஒட்டிவிட்டுத் திரும்பிய பிறகு நீங்கள் போய் அந்தத் தாளைக் கழற்றினால் அது பொறி. அவர் மட்டுமல்ல, பார்த்துக்கொண்டிருந்த மற்ற 59 பேரும் இனி அங்கே மனதில் உள்ளதை எழுத மாட்டார்கள்.

முன்கூட்டியே அறிவிக்கும் எல்லைகளை 'மாறாதவை' என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது எம்.டி.யோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். எது ஏற்கெனவே முடிவாகிவிட்டது? சட்டமோ ஒப்பந்தமோ கையைக் கட்டிப்போட்டிருக்கும் விஷயம் எது? இந்தக் கூட்டத்தில் வரும் யோசனைக்கு எவ்வளவு பணமும் எத்தனை பேருடைய வேலை நேரமும் ஒதுக்க முடியும்? யோசனைகளைப் பார்த்து முடிவு சொல்லப்போவது யார், எந்தத் தேதிக்குள்? பெரும்பாலும் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் வராது. அது வரும்வரை அழைப்பை அனுப்பாதீர்கள்.

கிடைத்த பதில்களை மூன்றிலிருந்து ஐந்து வரிக்குள் சுருக்கிப் பெரிய சார்ட்டில் எழுதி, வட்டத்தில் எங்கே உட்கார்ந்தாலும் தெரியும்படி மாட்டுங்கள். உங்கள் ஆலையில் இப்படி இருக்கலாம்:

'ஊதிய ஒப்பந்தம் அடுத்த மார்ச் வரை அமலில் இருக்கிறது. சம்பளத்தைப் பற்றிப் பேசலாம், இங்கே முடிவாகாது. எழுதித் தரும் குறிப்பு அப்படியே பேச்சுவார்த்தைக் குழுவுக்குப் போகும்.'

'இரண்டாவது லைன் ஜூனில் இடம் மாறுகிறது. அது முடிவான விஷயம். எப்படி மாற்றுவது என்பதை நீங்கள் சொல்லலாம்.'

'50,000 ரூபாய்க்குள் முடிகிற யோசனைக்கு ஆலை மேலாளரே அனுமதி தருவார். அதற்கு மேல் என்றால் 15 நாளில் பதில்.'

முதல் வரியைக் கவனியுங்கள். 'பேசக்கூடாது' என்று இல்லை, 'இங்கே முடிவாகாது' என்று இருக்கிறது. எம்.டி.க்கு உண்மையில் வேண்டியதும் இதுதான். அன்றைக்குத் தன் கழுத்தைப் பிடித்து வாக்குறுதி வாங்கிவிடுவார்களோ என்பதே அவருடைய பயம். பேச்சை யாராலும் தடுக்க முடியாது. உள்ளே தடுத்தால் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நடக்கும். உள்ளே நடந்தால் ஒரு குறிப்பாவது மிஞ்சும்.

'நேர்மறையாகப் பேசுங்கள்', 'நிறுவன நலன் கருதிப் பேசுங்கள்' என்றெல்லாம் எழுதிவைக்காதீர்கள். தான் எல்லைக்கு உள்ளே நிற்கிறோமா வெளியே நிற்கிறோமா என்று அதைப் படிப்பவருக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் மனிதர் வாயை மூடிக்கொள்வார். எந்த வரியையும் இப்படிச் சோதியுங்கள்: ஒரு தலைப்பைக் காட்டி, இது உள்ளேயா வெளியேயா என்று இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டால் ஒரே பதில் வர வேண்டும். வரவில்லையென்றால் வரியைத் திருத்துங்கள்.

மாறாதவை ஏழெட்டைத் தாண்டினால் விஷயம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று பொருள். அப்போது திறந்த கூட்டம் வேண்டாம். 40 நிமிடத் தகவல் கூட்டம் வைத்து, முடிவையும் காரணத்தையும் சொல்லி அனுப்புவதே மரியாதை.

எங்கள் தன்னார்வ அமைப்பில் 45 பேர். ஒரு நாள்தான் கிடைக்கும். இடம், பொருள், நேரம் எப்படி? நேரத்தை எவ்வளவு கறாராகப் பிடிக்க வேண்டும்?
– திட்ட ஒருங்கிணைப்பாளர், கோவை

நாற்காலிக்கு 60 செ.மீ. வீதம் 45 நாற்காலிக்கு 27 மீட்டர் சுற்றளவு. நடந்து வர நான்கு இடைவெளி விட்டால் வட்டத்தின் குறுக்களவு 9 மீட்டரைத் தாண்டும். ஆகவே ஹாலின் குறுகிய பக்கம் 11 மீட்டராவது இருக்கட்டும். மேசை ஒன்றும் வேண்டாம். மேசை போட்டால் அதற்குத் தலைமாட்டில் ஒருவர் உட்கார்ந்துவிடுவார்.

வட்டத்தின் நடுவே தரையில் 30 ஏ3 தாள், 10 தடித்த மார்க்கர். ஒட்டுவதற்கு மாஸ்கிங் டேப். செல்லோ டேப் சுவர்ப் பெயின்ட்டை உரித்துக்கொண்டு வந்துவிடும், மண்டபக்காரரோடு வீண் தகராறு. ஒரு சுவரில் கட்டம் போடுங்கள்: மேலிருந்து கீழே மூன்று நேரம், இடமிருந்து வலமாக ஐந்து இடம், ஆக 15 கட்டம். 45 பேர் கூடினால் 12 முதல் 15 தலைப்பு வருவது சகஜம். மிஞ்சினால் வராந்தாவை ஆறாவது இடமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

9.30க்குத் தொடக்கம். அழைத்தவர் 5 நிமிடம் மாறாதவற்றைச் சொல்லட்டும், நெறியாளர் 15 நிமிடம் முறையைச் சொல்லட்டும். அதன் பிறகு தலைப்புகள். 10.30க்குச் சுவர் முன்னால் சந்தை. யார் எங்கே போவது என்று கையெழுத்துப் போடுவார்கள். 10.45, 12.00, 2.00 என்று மூன்று அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரம். 1.15க்குச் சாப்பாடு. 3.30க்கு நிறைவு வட்டம். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலே 45 நிமிடம் ஆகும். ஆகவே 4.30 வரை அந்த நேரத்தில் வேறெதையும் வைக்காதீர்கள்.

தலைப்புக் கேட்டதும் ஒரு நிசப்தம் விழும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரு நிமிடம் கடந்தால் நெறியாளருக்கு நெஞ்சு படபடக்கும், "உதாரணத்துக்கு..." என்று தானே ஒரு தலைப்பை எடுத்துக்கொடுப்பார். அதோடு கெட்டது. கூட்டம் அந்த உதாரணத்தின் பின்னால் போய்விடும். பேசாமல் நில்லுங்கள். யாரோ ஒருவர் நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்து வருவார், மண்டியிட்டு எழுதுவார், தாளைத் தூக்கிப் பிடித்துப் பெயரையும் தலைப்பையும் படிப்பார். அவர் சுவருக்குப் போய்ச் சேருவதற்குள் அடுத்த மூன்று பேர் தாளுக்குக் கை நீட்டியிருப்பார்கள்.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த முறையில் நான்கு வாசகங்கள் சுவரில் மாட்டப்படும்: வந்தவர்களே சரியானவர்கள்; நடப்பது எதுவோ அதுதான் நடந்திருக்க முடியும்; தொடங்கும் நேரமே சரியான நேரம்; முடிந்தால் முடிந்தது. மூன்றாவதையும் நான்காவதையும் வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரம், நிறைவு வட்டம் எல்லாவற்றையும் இழுத்தடிப்பவர்கள் உண்டு. அந்த வாசகங்கள் ஒரு குழுவின் உள்ளே நடப்பதற்கு மட்டும். 20 நிமிடத்தில் பேச்சு தீர்ந்தால் எழுந்து போகலாம். ஒன்றேகால் மணியில் தீராவிட்டால் வேறிடம் பார்த்துத் தொடரலாம். ஆனால் தொடக்கம், சாப்பாடு, நிறைவு ஆகிய மூன்று நேரமும் சுவர்க் கடிகாரத்தின்படி நடக்கட்டும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் நிறைவு வட்டத்தில் உட்கார முடியாமல் போனால், அவரை நீங்கள் வெளியே தள்ளியதாகத்தான் ஆகும்.

பேச்சு பிடிக்காவிட்டால் எழுந்து வேறு குழுவுக்குப் போகலாம் என்ற 'இரு கால் விதி'யை விளக்கினோம். எங்கள் மேனேஜர் ஒரு குழுவில் போய் உட்கார்ந்தார். ஒன்றேகால் மணி நேரமும் அவரே பேசினார். ஒரு கால்கூட நகரவில்லை.
– மென்பொருள் நிறுவன ஊழியர், சென்னை

நகராது. அப்ரைசல் கையெழுத்து யாருடைய கையில் இருக்கிறதோ, அவர் முன்னால் எழுந்து போவதற்கு ஒரு விதி மட்டும் போதாது. அந்த விதி சரிசமமானவர்களுக்குள் தானாக வேலை செய்யும். மேலே கீழே என்று இருக்கும் இடத்தில் அதற்கு முன்வேலை வேண்டும்.

முதல் வேலை மேனேஜரிடம். கூட்டத்துக்கு முந்தின வாரம் அவரைத் தனியாகப் பார்த்து மூன்று விஷயம் கேளுங்கள். முதல் அமர்வுக்கு அவர் தலைப்பு வைக்கக்கூடாது. எந்தக் குழுவில் உட்கார்ந்தாலும் முதல் 20 நிமிடம் கேள்வி மட்டும் கேட்கட்டும். முதல் அமர்வின் நடுவில், எல்லாரும் பார்க்க, "எனக்கு இங்கே வேலை முடிந்தது, நன்றி" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுத்த குழுவுக்குப் போகட்டும். இந்த மூன்றாவதுதான் மிக முக்கியம். மேலே இருப்பவர் ஒருமுறை நடந்து காட்டினால், நடப்பது அவமரியாதை இல்லை என்பதை அந்த ஒரு நிமிடத்தில் எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள். நீங்கள் அரை மணி நேரம் விளக்கினாலும் அது கிடைக்காது.

இரண்டாவது வேலை இடத்தில். கதவு உள்ள சிறிய மீட்டிங் அறைகளைக் குழுவுக்குக் கொடுத்தால், எழுந்தவர் கதவைத் திறந்து மூடிவிட்டுப் போக வேண்டும். அது வெளிநடப்பு போலத் தெரியும். ஒரே பெரிய ஹாலின் மூலைகளில் குழுக்கள் இருந்தால், தண்ணீர் குடிக்கப் போகிறவர் போலப் போய் வேறு குழுவில் நின்றுகொள்ளலாம். குழுக்களுக்கு நடுவே 5 மீட்டராவது இருந்தால் சத்தம் அவ்வளவாகக் கலக்காது.

இரண்டையும் செய்த பிறகும் அவர் பேசிக்கொண்டே இருந்தால் நெறியாளர் குழுவுக்குள் புகுந்து அவரை நிறுத்தக் கூடாது. குழுவின் ஓரத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சும்மா உட்காருங்கள். இடைவேளையில் தனியாகப் பேசுங்கள். கூட்டத்தில் வைத்துத் திருத்தினால் அவர் முகம் சுருங்கும். அதன் கணக்கு அடுத்த வாரம் அந்த ஊழியர்கள் தலையில்தான் விழும்.

'ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் எல்லாரிடமும் கத்துகிறார்' என்று ஒருவர் தலைப்பு வைத்தார். அனுமதிப்பதா வேண்டாமா என்று புரியவில்லை. இன்னொரு கூட்டத்தில் ஒரு பெண் பணியாளர் தனக்கு நேர்ந்த தொல்லையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.
– நெறியாளர், திருப்பூர்

இரண்டும் வேறு வேறு.

முதலாவதற்கு மாறாதவற்றில் ஒரு வரி போதும்: 'தனிமனிதரின் பெயரோ, அவரைச் சுட்டும் பதவியோ தலைப்பில் வராது, அவர் பதில் சொல்ல இங்கே வசதி இல்லை என்பதே காரணம்.' அந்த வரி இருந்தும் ஒருவர் எழுதிவிட்டால், பக்கத்தில் போய், "இதில் எந்த வேலை தடைபடுகிறது?" என்று மட்டும் கேளுங்கள். 'ஸ்டோர்ஸில் பொருள் வாங்க ஏன் அரை மணி நேரம் ஆகிறது?' என்று அவரே மாற்றி எழுதுவார். மார்க்கரை நீங்கள் வாங்கி எழுதிவிடாதீர்கள்.

இரண்டாவதில் பேச்சை நிறுத்துவது அவரைப் பாதுகாக்கத்தான். 2013ஆம் ஆண்டின் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். பேச்சுவழக்கில் விசாகா கமிட்டி என்கிறோம். புகாரின் உள்ளடக்கத்தையும் சம்பந்தப்பட்டவர்களின் அடையாளத்தையும் வெளியிட அதே சட்டம் தடை விதிக்கிறது. திறந்த கூட்டத்தின் குழுக் குறிப்புகளோ எல்லாருக்கும் போகும். ஆகவே குழுவை 10 நிமிட இடைவேளைக்கு அனுப்பிவிட்டு அவரோடு தனியாக உட்காருங்கள். விருப்பப்பட்டால் ஒரு தோழியும் உடன் இருக்கட்டும். விசாரிக்காதீர்கள், விவரம் கேட்காதீர்கள். உள்ளகக் குழுவின் தலைவருடைய பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். நிகழ்ந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் தரலாம் என்பதையும் சொல்லுங்கள். அந்த அமர்வின் குறிப்பில் இது பற்றி ஒரு வரிகூட இருக்கக் கூடாது. உள்ளகக் குழுவின் விவரத்தைக் கூட்டம் தொடங்குமுன்பே பையில் வைத்திருப்பது நெறியாளரின் கடமை.

தலைப்புகள் ஒட்டப்பட்ட பிறகு நெறியாளருக்கு வேலையே இல்லை என்கிறார்கள். சும்மா நிற்பதற்கா சம்பளம் என்று எங்கள் செயலாளர் கேட்கிறார். எப்போது தலையிடலாம்?
– கூட்டுறவு சங்க உறுப்பினர், ஈரோடு

மூன்று நேரத்தில். ஒருவர் இன்னொருவரை மிரட்டும்போது, அவமதிக்கும்போது. மாறாதவற்றில் ஒன்றை யாராவது மீறும்போது, அழைத்தவரே மீறினாலும்தான். காலையில் திறந்துவிட்டு மதியம் வந்து, "இந்த நாலு தலைப்பை மட்டும் பேசுங்கள்" என்று தலைவர் சொல்ல ஆரம்பித்தால் அது வேலியே பயிரை மேய்வது. அப்போது சார்ட்டைக் காட்டி, "ஐயா, காலையில் நாம் சொன்னது இது" என்று மரியாதையாகச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். மூன்றாவது, யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால்.

ஒரு குழு தலைப்பை விட்டு விலகிப் போவது, வாக்குவாதம் சூடாவது, இரண்டே பேர் உட்கார்ந்திருப்பது, ஒரு தலைப்புக்கு யாருமே வராதது, இதிலெல்லாம் தலையிடக் கூடாது. தலைப்பு வைத்தவர் தனியாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் யோசித்து எழுதிய குறிப்பு அன்றைக்கே சிறந்ததாக அமைவதும் உண்டு.

செயலாளர் வந்து பார்த்தால், நெறியாளர் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருப்பார், உதிர்ந்த தாளை ஒட்டிக்கொண்டிருப்பார், ஓரமாக நடந்துகொண்டிருப்பார். அந்த நடைதான் வேலை. எந்தக் குழுவில் ஒருவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்திருக்கிறார், எங்கே குரல் உயர்கிறது, சுவரில் யார் யாருடைய தலைப்பை இடம் மாற்றுகிறார்கள் என்பதெல்லாம் நடந்தால்தான் கண்ணில் படும். உங்களுக்கென்றும் ஒரு எல்லை உண்டு: நெறியாளராக இருக்கும் நாளில் தலைப்பு வைக்காதீர்கள், கருத்துச் சொல்லாதீர்கள். சங்கத்தின் பிரச்சினையில் உங்களுக்கே வலுவான கருத்து இருந்தால் வேறொருவரை நெறியாளராக்கிவிட்டு வட்டத்தில் போய் உட்காருங்கள்.

இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாமா?
– பள்ளித் தலைமையாசிரியர், திண்டுக்கல்

முடியாது. தொடக்கமும் நிறைவுமே ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். 15 பேருக்குள் இருந்தால் அரை நாளில் இரண்டு அமர்வு வைக்கலாம். ஒரு நாளில் நல்ல பேச்சு கிடைக்கும், இரண்டு நாளில் ஒழுங்கான குறிப்புகளும் கிடைக்கும். எதை முதலில் செய்வது, யார் செய்வது என்பது வரை போக மூன்றாம் நாளில் ஒரு வேளையாவது வேண்டும்.

போன வருடம் நடத்தினோம். நன்றாகப் பேசினார்கள். 14 குழுக் குறிப்புகள் அலமாரியில் இருக்கின்றன. இந்த வருடம் கூப்பிட்டால் யாரும் வரவில்லை.
– கூட்டுறவுப் பால் சங்க நிர்வாகி, மதுரை

வராமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது. 'வந்தவர்களே சரியானவர்கள்' என்று சொல்லி அழைத்துவிட்டு, அவர்கள் எழுதியதைப் படிக்காமல் வைத்திருக்கிறீர்கள்.

புதுக் கூட்டத்துக்கு இப்போது அழைக்காதீர்கள். முதலில் அந்த 14 குறிப்பையும் எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி பதில் எழுதுங்கள்: செய்துவிட்டோம், செய்யப்போகிறோம் இந்தத் தேதிக்குள், செய்ய முடியாது இந்தக் காரணத்தால். 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதினால் மறுபடி அலமாரி என்றே படிப்பார்கள். 'முடியாது' என்ற பதிலை உறுப்பினர்கள் ஏற்றுக்கொள்வார்கள், காரணம் கூடவே இருந்தால். பால் குளிரூட்டும் தொட்டி வாங்கப் பணம் இல்லை என்றால் எவ்வளவு குறைகிறது என்று எழுதுங்கள். பதில்களைச் சங்க வாசலில், காலையில் பால் ஊற்ற வரும் இடத்தில் ஒட்டுங்கள்.

அடுத்த முறை நிறைவு வட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு குழுவும் அரைப் பக்கக் குறிப்பை முடித்திருக்கட்டும்: தலைப்பு, இருந்தவர்கள், பேசியது ஐந்து வரியில், அடுத்து யார் என்ன செய்வது. 48 மணி நேரத்துக்குள் எல்லாக் குறிப்பும் எல்லாருக்கும் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பினாலும் போதும். மாறாதவற்றில் முதல் வரியாக, பதில் வரும் தேதியையும் பதில் தருபவரின் பதவியையும் எழுதுங்கள். தலைவர் அந்தத் தேதியைச் சொல்லத் தயங்கினால், மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.